டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் சரித்திரமும் பிரசவ சிகிச்சையில் முன்காப்பும்

நமது வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் கிருத்திகை நாளிற் கூடும் கூட்டத்தை ஊன்றி நோக்குவார்க்கு ஒரு காட்சி புலனாகாமற் போகாது. மடியிற் பச்சிளங் குழவியும், இருபுறமும் தாயாரும் மாமியாரும் துணையாக, இளம் பெண்கள் பலர் பிரார்த்தனை செலுத்த வந்து நிற்பர். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர் அவருட் பலர். அப்பெண்களில் இருவரை அழைத்துப் பிரசவம் எங்ஙனம் ஆயிற்றென்று விசாரித்தால், அவர்களுள் ஒருத்தியேனும் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்ததாகக் கூறுவள். அவள் அதனை ஒரு பெரிய செய்தியாகக் கூறுவதில்லை; கேட்பவரும் வியப்பதில்லை.

நம் கொள்ளுப்பாட்டியார் காலத்தில் நிலைமை வேறு. வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுத்த தாய் பிழைத்தெழுந்து, தன் காலால் நடந்து கோயிலுக்கு வந்தாள் என்றால், ஊரார் அதனைத் தெய்வச் செயலென்றே கொண்டாடியிருப்பர். அன்று அற்புதமாயிருந்த ஒன்று இன்று வழக்கமாய்ப் போனது எவ்வாறு? கத்தியின் கூர்மை அதிகப்பட்டதனாலா? மயக்க மருந்தின் மகிமையினாலா? இவையும் காரணங்களே, ஆயினும் இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அதனை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்துத் தாய்மாரும் அறிந்துகொள்ளல் நலமென்று கருதி, பிரசவ வைத்தியத்திலேயே தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட டாக்டர் ஸர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரவர்களின் சரித்திரத்தை இவ்விதழில் எழுதத் துணிந்தோம்.

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் நாட்டில் வழங்கும் சொல் வெறும் அலங்காரமன்று. 1943ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை வெளியிட்ட போர் கமிட்டியார், இந்தியாவிற் பிறக்கும் ஆயிரங் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இருபது தாய்மார் பேறுகாலத்தில் இறக்கின்றனர் என்றும், ஆண்டொன்றுக்கு அத்தொகை இரண்டு லட்சம் வரை செல்லுமென்றும் மதிப்பிட்டனர். ஐம்பது பிரசவத்திற்கு ஒரு தாயின் சாவு என்பது இதன் பொருள். ஒரு பெண் ஏழெட்டுப் பிள்ளை பெறுவது சகஜமாயிருந்த அக்காலத்தில், இக்கணக்கு எத்துணைக் கொடியதென்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கமிட்டியின் அங்கத்தினருள் ஒருவராக அமர்ந்து ஆராய்ந்தவரே நம் சரித்திர நாயகர்.

லட்சுமணசாமி முதலியார் 1887ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் தேதி கர்நூலிற் பிறந்தார். உடன்பிறந்தவர் ராமசாமி முதலியார், இருவரும் இரட்டையர். இரட்டைப் பிரசவம் இன்றும் வைத்தியர் கவனத்தோடு நோக்கும் ஒன்றாகும். அக்காலத்தில் அத்தகைய பேற்றிலே தாயும் இரு சேய்களும் பிழைப்பது அரும்பேறு. அங்ஙனம் பிறந்த பிள்ளைகளுள் ஒருவர் பின்னாளிற் பிரசவ வைத்திய நிபுணராய் விளங்கியதை நினைக்குந்தோறும் யாம் மகிழ்வெய்துகின்றோம்.

சகோதரர் இருவரும் கர்நூலிற் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றனர். பின்னர் வழிகள் பிரிந்தன. ராமசாமி முதலியார் சட்டமும் அரசியலும் மேற்கொண்டு, ஜஸ்டிஸ் கட்சித் தலைவருள் ஒருவராகவும், மைசூர் சமஸ்தானத்துத் திவானாகவும், 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக சபைக்கு முதல் தலைவராகவும் புகழெய்தினார். லட்சுமணசாமி முதலியாரோ சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பட்டம் பெற்று, எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியிற் பணிபுரியலானார்.

எழும்பூர் ஆஸ்பத்திரி 1844ஆம் ஆண்டு தோன்றியது. நம் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களிற் பிறந்தவருட் பலர் அவ்விடத்தே முதற்குரல் எழுப்பியவர்களே. ஆயினும், முதலியார் பணியேற்ற காலத்தில் நற்குடும்பத்துப் பெண்கள் ஆஸ்பத்திரியிற் பிள்ளை பெறுதலை இழிவெனக் கருதினர். ஆண் வைத்தியர் முன்னிலையில் வரத் தயங்கும் மகளிர்க்கென்றே 1885இல் சென்னையிற் கோஷா ஆஸ்பத்திரி தனியே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பிரசவமெல்லாம் வீட்டின் பின்கட்டில், காற்றும் வெளிச்சமும் புகாத அறையில், மருத்துவச்சியின் கையிலேயே நடந்தன. அவள் அனுபவசாலியாயிருக்கலாம், அன்புடையவளாயிருக்கலாம். ஆனால், கையைக் கொதிநீராலும் சோப்பினாலும் கழுவவேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை. ஒரு வீட்டில் நஞ்சுக்கொடியை எடுத்த கையோடு மறுவீட்டுக்குச் செல்வாள். இரண்டு நாள், மூன்று நாள் வலியெடுத்தும் பிள்ளை பிறவாதபோதே வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவர். அதற்குள் பனிக்குடம் உடைந்து நெடுநேரமாயிருக்கும். பல கைகள் உள்ளே சென்று சோதித்திருக்கும்.

இத்தகைய தாய்க்குப் பிள்ளை பிறந்தாலும் அபாயம் நீங்கிற்றென்பதில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குளிர் நடுக்கம் காணும், ஜுரம் ஏறும், வயிறு உப்பி நோவும், தீட்டு நாற்றமெடுக்கும், பிறகு பிதற்றலும் மயக்கமும் தோன்றி உயிர் நீங்கும். இதனை ஜன்னியென்றனர், குளிர்காற்றுப் பட்டதென்றனர், கண்ணேறு என்றனர், பேயென்றும் சொல்லினர். வைத்தியர்கள் இதற்கிட்ட பெயர் பேறுகால ஜுரம். கருப்பையிற் பிள்ளை பிரிந்த இடம் ஒரு பெரிய பச்சைப் புண்ணாயிருத்தலின், அவ்விடத்தே புகுந்த கிருமி இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவுதலே இந்நோயின் உண்மைத் தன்மை.

இவ்வுண்மை எளிதில் விளங்கியதன்று. ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் இரண்டு பகுதிகள் இருந்தன. வைத்திய மாணவர் பயின்ற முதற்பகுதியில் 1846ஆம் ஆண்டு நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் தாய்மார் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பகுதியில் நூற்றுக்கு மூவர்கூட இறக்கவில்லை. அங்கே உதவி வைத்தியராயிருந்த ஸெம்மல்வைஸ் என்பார் இவ்வேற்றுமையை ஆராய்ந்தார். மாணவர்கள் பிணச்சோதனை செய்த கையோடு பிரசவ அறைக்கு வருதலே காரணமெனக் கண்டு, 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாயைத் தொடவேண்டுமென விதித்தார். மறு ஆண்டில் முதற்பகுதியின் மரணம் நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கிற்று. ஆயினும், தம் கையே தாயைக் கொன்றதென்பதை ஒப்ப மனமில்லாத வைத்தியர் பலர் அவரை இகழ்ந்தனர். மனம் நொந்த அப்பெரியார் 1865இல் காலமானார். அதன்பின் பாஸ்டர் என்பவர் கிருமியைக் காட்டினார். லிஸ்டர் என்பவர் ரணசிகிச்சையிற் கிருமியை ஒழிக்கும் முறையைப் புகுத்தினார். உலகம் மெல்லத் தெளிந்தது.

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் சிகிச்சையின் சரித்திரமும் இதனோடு பிணைந்ததே. 1865ஆம் ஆண்டளவில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இச்சிகிச்சைக்குட்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு எண்பத்தைவர் மாண்டனர். இரத்தப்போக்கினாலும் சீழ்ப்பிடிப்பினாலுமே இம்மரணங்கள் நேர்ந்தன. 1882இல் ஸேங்கர் என்னும் ஜெர்மானியர் கருப்பையின் வெட்டுவாயை நன்கு தைத்து மூடும் முறையை நிலைநாட்டினார், இரத்தப்போக்கு அடங்கிற்று. பின்னர்க் கருப்பையின் மேற்பகுதியைக் கீறுதலை விட்டுக் கீழ்ப்பகுதியைக் குறுக்கே கீறும் முறை வந்தது. கிருமி வயிற்றறையுட் பரவுதல் குறைந்தது. ஆயினும் பகைவன் முற்றும் தோற்றானல்லன்.

முதலியார் எழும்பூரிற் பணிபுரிந்த காலத்துப் பிரசவ வைத்தியர் ஒவ்வொருவர் முன்னும் நின்ற கொடிய தர்மசங்கடம் இதுவே. இரண்டு நாள் வலியுற்று, பல கைகள் பட்டு, ஜுரத்தோடு ஒரு பெண் கொண்டுவரப்படுகின்றாள். இடுப்பெலும்பு குறுகியது, பிள்ளை தானே பிறவாது. வயிற்றைக் கீறினால் பிள்ளை பிழைக்கலாம். ஆனால், ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட கிருமி வயிற்றறை முழுதும் பரவித் தாய் இறத்தல் பெரும்பாலும் உறுதி. கீறாவிடில் பிள்ளையின் தலையைத் துளைத்துச் சிதைத்து வெளியே எடுத்துத் தாயைக் காக்கவேண்டும். சில வேளைகளில் அப்பிள்ளை உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்யவேண்டி நேரும். தாயா, சேயா என்று வாயிலில் நிற்கும் கணவனையும் மாமியாரையும் கேட்பதும் உண்டு. இங்கே வைத்தியன் கையைக் கட்டியது கத்தியின் அச்சமன்று; சீழின் அச்சமே என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இத்துன்பத்திற்கு அக்காலத்தில் இருந்த மருந்து ஒன்றே: வருமுன் காத்தல். கர்ப்பிணியை வலியெடுத்தபின் அன்றி, மாதந்தோறும் பார்த்து, இரத்தசோகையை நீக்கி, இடுப்பின் அளவையும் பிள்ளையின் கிடையையும் முன்னரே அறிந்து, சிக்கலுள்ளவரைக் காலத்தே ஆஸ்பத்திரியிற் சேர்த்தல். தொடும் கை ஒவ்வொன்றும் சுத்தமாயிருக்கச் செய்தல். வேண்டாத சோதனைகளைத் தவிர்த்தல். கிருமி புகாத தாய்க்குக் காலத்தே கத்தி வைத்தால் தாயும் சேயும் இருவரும் பிழைப்பர். கிருமி புகுந்தபின் எத்துணை வல்லவனும் கையைப் பிசைந்து நிற்பான்.

முதலியார் இதனைத் தம் ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் மட்டும் வைத்திராமல், ஊரளாவிய கணக்காக ஆராய முற்பட்டார். சென்னை நகரிற் பேறுகாலத் தாய்மார் இறத்தற்குரிய காரணங்களைப்பற்றி அவர் நடத்திய விசாரணையின் அறிக்கை 1933இல் வெளியாயிற்று. ஒவ்வொரு சாவையும் விதியென்று தள்ளாமல், எதனால், எவ்விடத்தில், எந்நிலையில் நேர்ந்ததென்று வினவும் பழக்கம் நம் நாட்டில் வேரூன்றுதற்கு இத்தகைய விசாரணைகளே வித்தாயின. நம் காலத்தில் தமிழ்நாட்டிற் பிரசவத்தில் இறக்கும் தாய் ஒவ்வொருத்தியின் மரணமும் தனித்தனியே விசாரிக்கப்படுவது அன்று முளைத்த எண்ணத்தின் விளைவென்றே யாம் கருதுகின்றோம்.

1938ஆம் ஆண்டில் அவர் பிரசவ வைத்தியத்தைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பாடநூல் வெளிவந்தது. அதுவரை நம் மாணவர்கள் பயின்றவை பெரும்பாலும் குளிர்நாட்டு வைத்தியர் தம் நாட்டுப் பெண்களைக் கண்டு எழுதிய நூல்கள். இரத்தசோகையால் வெளுத்து, வீட்டில் நெடுநேரம் வலியுற்று, கடைசி நேரத்தில் வரும் இந்நாட்டுத் தாயை வைத்தியம் செய்வது எங்ஙனம் என்பதற்கு எழும்பூர் அனுபவமே ஆசிரியனாகவேண்டியிருந்தது. அந்நூல் பிற்காலத்தில் டாக்டர் கிருஷ்ண மேனன் துணையோடு திருத்தப்பெற்று, ஆசிரியர் மறைந்த பின்னும் பிறரால் புதுக்கப்பெற்று, பல பதிப்புக்களாக வழங்கி வருகின்றது. இந்தியாவின் பல பாகங்களிலும் பிரசவம் பார்த்த டாக்டர்களுள் அந்நூலைப் படித்தோர் தொகை மிகப் பெரிது.

எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு முதல் இந்தியத் தலைமை வைத்தியராகவும், சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்தியப் பிரின்சிபாலாகவும் அவர் உயர்ந்தார். அதுகாறும் அப்பதவிகள் ஆங்கிலேய அதிகாரிகளுக்கே உரியவையாயிருந்தன. ஆற்றலில் நம்மவர் எவர்க்கும் குறைந்தவரல்லர் என்பதை அவர் வாதத்தால் அன்றித் தொழிலால் நிறுவினார்.

அவர் வாழ்நாளிலேயே பேறுகால ஜுரத்தின் வல்லமை ஒடுங்கக் கண்டார். 1935இல் ஜெர்மனியில் டோமாக் என்பவர் சல்பா இன மருந்தின் முதல்வனை வெளியிட்டார். மறு ஆண்டே லண்டனில் கோல்புரூக் என்பவர் அதனைப் பேறுகால ஜுரமுற்ற தாய்மாருக்கு அளித்து, மரணம் வெகுவாய்க் குறைந்ததைக் காட்டினார். 1928இல் பிளெமிங் கண்ட பெனிசிலின், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மருந்தாக உருப்பெற்று, யுத்தம் முடிந்தபின் பொதுமக்களுக்கும் எட்டிற்று. இவ்வினத்து மருந்துகளையே ஆன்டிபயாட்டிக் என்று வழங்குகின்றோம். தாயா, சேயா என்ற வினாவின் கொடுமை தளர்ந்தது. பிள்ளையைச் சிதைக்கும் கருவிகள் மெல்ல மெல்லப் பெட்டியின் அடியிற் சென்று மறைந்தன.

அதன்பின் முதலியாரின் பணி பரந்தது. 1942இல் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தரானவர், 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் தொடர்ந்து அப்பதவியை வகித்தார். 1945இல் அவருக்கு ஸர் பட்டம் அளிக்கப்பட்டது. 1948இல் ஜினீவாவிற் கூடிய முதல் உலக சுகாதார மகாசபைக்கு இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராகச் சென்றார். 1949, 1950ஆம் ஆண்டுகளில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த ஸ்தாபனத்தின் அமைப்புச் சட்டத்தை இயற்றிய மகாநாட்டைக் கூட்டியது பொருளாதார சமூக சபை. அச்சபைக்கு முதல் தலைவர் அவருடைய இரட்டைச் சகோதரர். கர்நூலில் ஒரே நாளிற் பிறந்த இருவர் உலகத்தின் நலத்தைக் காக்கும் ஒரே மாளிகைக்கு, ஒருவர் வாயிலிலும் மற்றவர் கூடத்திலும் நின்று தொண்டாற்றியது நினைத்தற்கினியதன்றோ?

1961ஆம் ஆண்டு அவர் வாழ்விற் குறிப்பிடத்தக்கது. புதுடில்லியிற் கூடிய பதினான்காம் உலக சுகாதார மகாசபைக்கு அவர் தலைவரானார். அவர் தலைமையில் 1959 முதல் இந்திய நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த கமிட்டியும் அவ்வாண்டில் தன் வேலையை முடித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பெருக்குவதோடு அமையாது, இருப்பவற்றைச் செவ்வனே நடத்துதல் வேண்டும் என்பது அக்கமிட்டியின் முக்கியமான கருத்து. பத்ம பூஷண் பட்டம் 1954இலும், பத்ம விபூஷண் 1963இலும் அவரை நாடி வந்தன. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் தேதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். தரமணியிலுள்ள சென்னைச் சர்வகலாசாலையின் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நிற்க. இச்சரித்திரத்தின் தொடர்ச்சியாக யாம் சொல்லவேண்டுவது இன்னும் ஒன்று உண்டு. முதலியார் காலத்துப் பெரும்பகுதியில் ஆன்டிபயாட்டிக் மருந்து ஜுரம் வந்தபின் கொடுக்கப்பட்டது. வருமுன் கொடுத்தால் என்ன என்னும் கேள்விக்குத் தெளிந்த விடை, அவர் புதுடில்லியில் மகாசபைக்குத் தலைமை தாங்கிய அதே 1961இல், அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்தில் ஒரு சோதனைச்சாலையிற் கிடைத்தது. பர்க் என்னும் ரணவைத்தியர் பிராணிகளிற் சோதித்து, கிருமி சதையுட் புகும் வேளையில் மருந்து ஏற்கெனவே அவ்விடத்தில் இருந்தால் புண் சீழ்பிடியாதென்றும், சில மணிநேரம் கழித்துக் கொடுத்தால் அதனாற் பயனின்றென்றும் காட்டினார். காவற்காரன் திருடனுக்கு முன்னே வாயிலில் இருக்கவேண்டும்; திருடன் உள்ளே புகுந்து பெட்டியை உடைத்தபின் வந்து கோலை உயர்த்தி என்ன பயன்?

சிசேரியன் சிகிச்சையில் இம்முறையைக் கையாளுதற்கு ஒரு தயக்கம் நெடுங்காலம் இருந்தது. வெட்டுமுன் தாய்க்குக் கொடுக்கும் மருந்து கொடியின் வழியே சேயையும் எட்டுமாதலின், பிள்ளையை எடுத்துக் கொடியைக் கவ்வியபின்னரே ஊசி போடுதல் வழக்கமாயிருந்தது. பிற்காலத்து ஆராய்ச்சிகள், கத்தி வைப்பதற்கு முன் கொடுத்தலே தாய்க்கு மிக்க காப்பென்றும், அதனாற் சேய்க்குத் தீங்கு மிகவில்லையென்றும் நிறுவின. பிள்ளை தானே பிறக்கும் பிரசவத்தைவிடச் சிசேரியனிற் கிருமிப் பிடிப்பின் அபாயம் ஐந்து முதல் இருபது மடங்கு அதிகம். 95 ஆராய்ச்சிகளில் ஈடுபட்ட 15,000க்கு மேற்பட்ட தாய்மாரின் கணக்கை ஒருங்கு திரட்டி 2014இல் வெளியிட்ட அறிஞர்கள், முன்காப்பு மருந்தினால் வெட்டுப்புண் சீழ்பிடித்தலும் கருப்பை அழற்சியும் பாதிக்குமேல் குறைகின்றன என்று கண்டனர். உலக சுகாதார ஸ்தாபனமும், சிசேரியன் செய்துகொள்ளும் ஒவ்வொரு தாய்க்கும், தோலைக் கீறுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள், செபாசோலின் போன்ற எளிய மருந்தில் ஒரு வேளை அளவைக் கொடுக்கவேண்டுமென்று கூறுகின்றது.

ஒரு வேளை என்பதை வாசகர்கள் கவனிக்க. நோயில்லாத தாய்க்கு ஏழு நாள், பத்து நாள் என்று அம்மருந்தை நீட்டிப்பதனால் அதிகக் காப்பு வருவதில்லை. கிருமிகள் மருந்துக்குப் பழகி, அடுத்த முறை அடங்க மறுக்கும் தீமையே வரும். சிக்கலின்றித் தானே பிறக்கும் பிரசவத்தில் எல்லாத் தாய்மாருக்கும் இம்மருந்தை வழக்கமாகக் கொடுத்தல் வேண்டா என்பதும் அந்த ஸ்தாபனத்தின் கருத்தே. ஊசி இருக்கின்றதென்று கைகழுவாதிருத்தலும் ஆகாது. ஸெம்மல்வைஸின் சுண்ணாம்பு நீரும் பாஸ்டனின் காவற்காரனும் ஒருவர்க்கொருவர் துணையே அன்றி மாற்றல்லர்.

இவற்றின் பயனைக் கணக்கிற் காண்போம். போர் கமிட்டியார் மதிப்பின்படி லட்சம் பிள்ளைப்பேற்றுக்கு ஏறக்குறைய 2,000 தாய்மார் இறந்தனர். 2018 முதல் 2020 வரையுள்ள காலத்துக்கு எடுத்த கணக்கில் இந்தியாவில் அத்தொகை 97; தமிழ்நாட்டில் 54. ஆஸ்பத்திரிப் பிரசவம், இரத்ததானம், தாய்மார்க்குக் கர்ப்பகாலக் கவனிப்பு, கல்வி, சாலை, வண்டி ஆகிய பலவும் இதற்குக் காரணம். ஆயினும், சீழின் அச்சம் நீங்கியிராவிடில் இவை இத்துணைப் பயன்தந்திரா.

இனி ஓர் எச்சரிக்கை. அச்சம் நீங்கியபோது நிதானமும் நீங்குதல் மனித இயல்பு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிற் பிறந்த நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய நாற்பத்தைந்து சிசேரியனிற் பிறந்தவை; இந்தியா முழுதும் அது இருபத்தொன்றரை. இவற்றுள் எத்தனை இன்றியமையாதவை என்பதை வைத்தியர்களே மனச்சாட்சியோடு ஆராயவேண்டும். நாம் நல்ல நேரம் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, வலிக்கு அஞ்சி, கத்தியை வலியப் போய்க் கேட்டல் ஆகாது. முன்காப்பு மருந்து அபாயத்தைக் குறைக்கின்றதே அன்றி முற்றும் துடைப்பதில்லை. அடுத்த கர்ப்பத்திற் பழைய தழும்பு தொல்லை தருவதும் உண்டு. அதே வேளையில், வைத்தியர் தக்க காரணங்காட்டி ஆபரேஷன் அவசியம் என்று கூறும்போது, ஜாதகத்தையும் கௌரவத்தையும் காரணமாகச் சொல்லித் தாமதித்தலும் பாவமே. பனிக்குடம் உடைந்து கழியும் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்கே சாதகமானது.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு யாம் கூறும் வேண்டுகோள் சில. கர்ப்பமானது தெரிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற் பதிந்து, மாதந்தோறும் தவறாது காட்டுங்கள். இரத்தசோகையுள்ள உடம்பு கிருமியை எதிர்க்க வலியற்றது; ஆதலின், கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பானையடியில் ஒளிக்காமல் உட்கொள்ளச் செய்யுங்கள். பெனிசிலின் முதலிய மருந்து முன்னொருமுறை ஒவ்வாமற் போயிருந்தால் அதனை வைத்தியரிடம் மறவாமற் சொல்லுங்கள். ஆபரேஷன் என்று முடிவானால், வெட்டுமுன் போடவேண்டிய காப்பு ஊசியைப்பற்றி மரியாதையோடு வினவுதல் குற்றமன்று. நல்ல வைத்தியர் அதனை மகிழ்ந்து ஏற்பார். வீடு திரும்பியபின் ஜுரமோ, புண்ணிற் சிவப்போ சீழோ, தீட்டில் நாற்றமோ, அடிவயிற்றில் மிக்க நோவோ காணின், பச்சை உடம்பு அப்படித்தான் இருக்குமென்று கஷாயத்தோடு நில்லாமல், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மருந்து வாங்கித் தின்பதை விடுங்கள். பிள்ளையைப் பார்க்க வரும் உற்றார், சீர்வரிசைத் தட்டை வைத்துவிட்டு, முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவிய பின்னரே தாயையும் சேயையும் தொடட்டும். இதனைச் சொல்லக் கூச்சப்படவேண்டா. நோய்க்கிருமி குலம் கோத்திரம் பார்ப்பதில்லை; செல்வர் வீட்டுக் கையென்று விலகுவதுமில்லை.

லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராயிருந்ததையும், உலக சபையிலே தலைமை வகித்ததையும் பெரியோர் பலர் புகழ்ந்து பேசுவர். எம் நெஞ்சிற் பதிந்தது வேறொன்று. இரண்டு நாள் வலியுற்று வண்டியில் வந்திறங்கிய, பெயர் தெரியாத ஓர் ஏழைப் பெண்ணின் அருகே நின்று, இவள் மூன்று நாள் முன்னே வந்திருக்கலாகாதா என்று ஏங்கவேண்டியிருந்த ஒரு தலைமுறை வைத்தியரின் நிலையே அது. அந்த ஏக்கத்தை விசாரணையாகவும், நூலாகவும், கல்லூரியாகவும், தேசத்தின் திட்டமாகவும் மாற்றியவர்களுள் அவர் முதல்வரிசையில் நிற்பவர்.

அடுத்த கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயிலிற் குழந்தையோடு நிற்கும் இளந்தாயைக் காணும்போது, அவள் வயிற்றுத் தழும்பு சீழின்றி ஆறியதற்குப் பின்னே நூறாண்டுப் பெரியோர்களின் உழைப்பு நிற்பதை நினைவுகூர்வோமாக. அவ்வுழைப்பு நம் கவனக்குறைவால் வீணாகாமற் காத்தல் நம் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.